தொடர் படிப்புத் திட்டத்தில் ஒரு நத்தை

ஒரு கல்லூரியில் மாணவர்கள் பரீட்சையில் கூட்டம் கூட்டமாகத் தோற்றுப்போனால் அதற்கு யாராவது காரணமாக இருந்தே தீர வேண்டும். அந்தக் கல்லூரியில் போன வருடம் தோற்றவர்கள் தேறியவர்களைவிட அதிகம் என்று தெரிந்ததும், காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருந்த எல்லோரும் ஆசிரியர்கள். ஆகவே காரணம் ஆசிரியர்கள் இல்லை என்பது முதல் கூட்டத்திலேயே, தட்டில் பிஸ்கட் தீர்வதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கட்டடமும் காரணம் இல்லை. அதைக் கட்டியது நிர்வாகம், நிர்வாகம்தான் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தது. பாடத்திட்டமும் இல்லை, அது மேலிடத்திலிருந்து வந்தது. மிச்சம் இருந்தவர்கள் மாணவர்கள். 'மாணவர்கள் தொடர்ந்து படிப்பதில்லை' என்று குழு கண்டுபிடித்தது. இப்படி ஒரு உண்மையைக் கண்டுபிடித்ததற்காகக் குழுவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். விழா ஏற்பாடுகளுக்காக அந்த வாரம் வகுப்புகள் நடக்கவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் 'தொடர் படிப்பு ஊக்குவிப்பு, கண்காணிப்பு மற்றும் உறுதிப்பாட்டுத் திட்டம்'. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர் கல்லூரி முதல்வர் ஒருவர்தான். அவர் சின்ன வயதில் நீச்சல் வீரர்.

இந்தத் திட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டவள் நத்தை.

நத்தை என்றால் இறுதியாண்டு இயற்பியல் மாணவி. வீட்டில் வைத்த பெயர் வேறு. வகுப்பில் வைத்த பெயர் இது. காரணம், அவள் படிக்கிற விதம். மற்றவர்கள் பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தோடு மல்யுத்தம் நடத்துவார்கள். நத்தை அப்படி இல்லை. தினமும் கொஞ்சம். அம்மா தையல்காரி; முன்னறையில் மெஷின் ஓய்ந்திருக்கும் காலை வேளையில் அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் முன்னால் நத்தை உட்காருவாள். ஒன்றிரண்டு பக்கம் படிப்பாள். புத்தகத்தை மூடுவாள். அம்மா துணி வெட்டப் போடும் பழுப்புக் காகிதத்தில் மிச்சம் மீதி கிடைத்த துண்டில், படித்ததைப் பார்க்காமல் எழுதுவாள். எழுத வராத இடத்தில் மறுபடி புத்தகம். அவ்வளவுதான். இதில் வித்தை ஒன்றும் இல்லை. அம்மாவிடம் தைக்கக் கொடுத்தவர்கள் சட்டையைப் பிரித்தால், உள்ளே சில சமயம் வெப்ப இயக்கவியல் சமன்பாடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

மருத்துவமனைகளுக்கு வெப்பமானிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, இந்தப் பரீட்சையில் தேற வேண்டும். தேறுவதைப் பற்றி நத்தைக்குக் கவலை இல்லை. பரீட்சை எழுத விடுவார்களா என்பதுதான் கவலை ஆகிப்போனது. திட்டத்தின் முதல் விதியே இதுதான்: உறுதிப்பாட்டுச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

படிப்பதற்காக விடும் விடுமுறையை ரத்து செய்து, எல்லோரும் கல்லூரிக்கே வந்து படிக்க வேண்டும் என்றார்கள். விளையாட்டரங்கம் 'படிப்பு மண்டபம்' ஆனது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை போட்டு முதல்வர் தொடங்கி வைத்துப் பேசினார்.

"படிப்பு என்பது தனியாக, அமைதியாக, ஒரு மூலையில் உட்கார்ந்து செய்கிற காரியம் என்று ஒரு மூடநம்பிக்கை நிலவுகிறது. அப்படிப் படித்தால், நீங்கள் படித்தீர்கள் என்பது யாருக்குத் தெரியும்? உங்களுக்கு மட்டும்தான் தெரியும்! அதனால் கல்லூரிக்கு என்ன லாபம்? நான் என் மாணவப் பருவத்தில் படித்ததை இன்றுவரை யாருமே பார்த்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது."

கைத்தட்டல். பிறகு எல்லோரும் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழி நீளமானது. அதை மனப்பாடம் செய்வதில் அந்த வாரம் போயிற்று.

நத்தைக்கு ஒரு குறிப்புப் புத்தகம் தேவைப்பட்டது. நூலகத்துக்குப் போனாள். வாசலில் நூலகர் அம்மாள் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"உள்ள போகாதேம்மா. திட்டத்துக்காகப் புஸ்தகத்தை எல்லாம் உயரத்துப்படி அடுக்கியிருக்கோம். பார்க்க வர்றவங்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணுமாம்."

"ஒண்ணே ஒண்ணு மேடம். படிச்சிட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"ஒண்ணு எடுத்தா பல்லு போன மாதிரி இருக்கும்மா. நீ பரீட்சை முடிஞ்சு வா, நிதானமா படிக்கலாம்."

மண்டபத்தில் படிப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒருங்கிணைப்பாளருக்கு. அவர் இயற்பியல் ஆசிரியர்தான்; நத்தையின் வகுப்புக்கே பாடம் எடுக்க வேண்டியவர். ஒருங்கிணைக்கிற வேலை அதிகமானதால் பாடம் எடுப்பதை மரியாதையாக நிறுத்திக்கொண்டார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஆகவே விசில் சார். வரிசை வரிசையாக நடந்து, யார் எத்தனை பக்கம் புரட்டுகிறார்கள் என்று கணக்கெடுப்பார். அதிகம் புரட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ், புரட்டாதவர்களுக்கு விசில்.

இது தெரிந்த பிறகு மாணவர்கள் சும்மா இருப்பார்களா? பொருளாதாரத்துக்காரன் ஒருவன் மத்தியானத்துக்குள் அகராதியை முடித்தான். இன்னொருத்தி பழைய தொலைபேசி எண் புத்தகத்தைக் கொண்டுவந்து முதல் இடத்தைப் பிடித்தாள். கடைசி வரிசையில் ஒருவன் இரண்டு கையாலும் இரண்டு புத்தகம் புரட்டினான்; அவனை மேடைக்கு அழைத்துக் கை குலுக்கினார்கள். அத்தனை பேர் புரட்டின காற்றில் மண்டபம் குளிர்ந்து, முன் வரிசையில் இருந்தவர்களுக்குத் தும்மல் வந்தது. முதல்வர் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். மின்சாரச் சிக்கனத்துக்காகத் திட்டத்துக்குத் தனியாக ஒரு பாராட்டு.

நத்தை மட்டும் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

காதுக்குள் விசில்.

"என்னம்மா பண்றே?"

"படிக்கிறேன் சார்."

"புத்தகம் மூடியிருக்கு?"

"படிச்சதை நெனச்சுப் பாக்கறேன் சார். மண்டையில இருக்கான்னு."

"நெனைக்கறதுக்கு வீடு இருக்கு. இது படிக்கிற இடம். காலையிலேர்ந்து ஒரே பக்கத்துல நிக்கறே!"

"இந்த இடம் புரியல சார்."

"புரியலைன்னா அடுத்த பக்கத்துக்குப் போகணும். ஒவ்வொரு பக்கத்துலயும் நின்னு புரிஞ்சுக்கிட்டே இருந்தா பாடம் எப்ப முடியறது? இத்தனை வருஷமா நான் அப்படித்தான் நடத்தி முடிக்கிறேன்."

நத்தைக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. "சார், இது உங்க பாடம்தானே? இந்த ரெண்டு வரியை மட்டும் சொல்லித் தாங்களேன்."

போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தரச் சொன்னதுபோல விசில் சார் இரண்டடி பின்னால் போனார். "நான் இப்ப ஒருங்கிணைப்பாளர்மா. சொல்லிக்குடுக்கறது என் பொறுப்புல வராது."

பக்கத்து பெஞ்சில் இருந்த தோழி காதருகே குனிந்தாள். அவள் ரகசியம் பேசினாலே மூன்று வரிசைக்குக் கேட்கும், பட்டப்பெயர் லவுட்ஸ்பீக்கர். "ஏண்டி வம்பு? சும்மா புரட்டேன். விசிறின்னு நெனச்சுக்கோ."

"புரட்டினா எனக்கு மறந்துபோகுதுடி."

"சான்றிதழ் வாங்கினப்புறம் ஞாபகம் வெச்சுக்கோ!"

மூன்று வரிசை சிரித்தது. விசில் ஊதியது. நத்தை புரட்டவில்லை.

அடுத்த நாளே அவளை உறுதிப்பாட்டுக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டது. முதல்வர் நடுவில், விசில் சார் வலப்பக்கம், மற்ற உறுப்பினர்கள் பிஸ்கட் பக்கம்.

"உன்மேல கடுமையான புகார் வந்திருக்கு," என்றார் முதல்வர். "நீ தொடர்ந்து படிக்கிறதில்லைன்னு."

"நான் முதல் வருஷத்துலேர்ந்தே தினமும் படிக்கிறேன் சார்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வருஷத்துலேர்ந்தா? திட்டம் போன மாசம்தானே ஆரம்பிச்சுது?"

"ஆமா சார்."

"அப்போ, அனுமதி இல்லாம படிச்சிருக்கே."

"படிக்கிறதுக்கு அனுமதி வேணுமா சார்?"

"பாருங்க, பாருங்க," என்றார் முதல்வர், குழுவைப் பார்த்து. "இப்படி ஆளாளுக்குத் தானாப் படிச்சுக்கிட்டா, நாம எதுக்கு இருக்கோம்?"

கேள்வி கேட்ட வேகத்தில் அவருக்கே கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சமாளித்தார்.

நத்தை விடவில்லை. "ஏதாவது ஒரு கேள்வி கேளுங்க சார். படிச்சேனா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஒருவர் மேஜையின் பளபளப்பை ஆராய்ந்தார். விசில் சார் தன் விசிலை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தார். கடைசியில் முதல்வர்தான் தொண்டையைச் செருமினார். "கேள்வி கேட்கறதுக்கு வேற குழு இருக்கு. அது இன்னும் கூடல."

தண்டனை கிடைத்தது. 'படிப்பது எப்படி?' என்ற சிறப்புப் பயிற்சியில் நத்தை நாள் முழுக்க உட்கார வேண்டும். பயிற்சி தர ஒரு நிபுணர் வந்தார். நேரத்தைத் திட்டமிடுவது பற்றிப் பேசுவார். தினமும் தாமதமாக வருவார். கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று சொல்லும்போது அவர் போன் அடிக்கும்; எடுத்துப் பேசிவிட்டு, "எங்க விட்டேன்?" என்பார். "கவனத்துல விட்டீங்க சார்," என்று நத்தை எடுத்துக்கொடுப்பாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பலகை மேல் படிக்க வேண்டிய பக்கங்கள் அப்படியே நின்றன. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, கவனிக்காமல் விட்டால் உலகில் ஒழுங்கின்மை கூடிக்கொண்டேதான் போகும் என்கிறது. அதைத் திருப்பிப் படிக்க நத்தைக்கு நேரமில்லாவிட்டாலும், கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியின் கடைசி நாள் முதல்வரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். இந்த முறை நாற்காலி காட்டினார். பிஸ்கட் தட்டைக்கூட அவள் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினார்.

"நாளைக்குத் திட்டத்தோட நிறைவு விழா. பல்கலைக்கழகத்துலேர்ந்து பெரிய அதிகாரி வர்றார். அவருக்குத் திருப்தி ஆச்சுன்னா, நாட்டுல எல்லாக் கல்லூரிக்கும் நம்ம திட்டம்தான். ஒரு மாணவி மேடையேறித் தன் அனுபவத்தைச் சொல்லணும். உன் பக்கத்து பெஞ்சுத் தோழியைப் போட்டோம், ஒத்திகையில சிரிச்சுட்டா. போன வருஷ மார்க் பார்த்தா நீதான் முதல்ல நிக்கறே. எப்படின்னு தெரியல. போகட்டும். இதைப் பேசிடு, ஹால் டிக்கெட்டை மேடையிலேயே வாங்கிக்கோ."

ஒரு காகிதத்தை நீட்டினார். 'நான் ஒரு சோம்பேறியாக இருந்தேன். புத்தகத்தைக் கண்டால் எனக்குத் தூக்கம் வரும். இருளில் கிடந்த என்னை இத்திட்டம் கைதூக்கிவிட்டது...'

"பேசலைன்னா சார்?"

"பேசலைன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார் முதல்வர், மிகுந்த அன்போடு.

சாயங்காலம் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடித்தபோது வாயில் கடித்துக்கொண்டிருந்த நூல் கீழே விழுந்தது.

"யாருடி சோம்பேறி?"

"நான்தான்மா. நாளைக்கு மட்டும்."

"பெத்தவங்களையும் விழாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் முன்னாடி உட்கார்ந்திருப்பேன். என் கண்ணு முன்னாடி இதை நீ படிச்சே, எழுந்து நின்னு 'பொய்'னு கத்துவேன். சொல்லிட்டேன்."

"கத்தினா ஹால் டிக்கெட் போயிடும்மா. வேலையும் போயிடும்."

அம்மா விழுந்த நூலை எடுத்தாள். மெஷினை மிதிக்கவில்லை. "என்னதான் பண்ணப் போறே?" என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"தெரியல. ஆனா எனக்கு எரிச்சலா வருது. நாளைக்குப் படிக்க வேண்டியதை நாளைக்குப் படிச்சாகணும். இவங்க விழாவுக்கு ஒரு நாள் தர என்கிட்ட இல்ல. ஏற்கெனவே எத்தனையோ தந்தாச்சு."

விழா அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடை மேஜையில் ஹால் டிக்கெட் கட்டு, அதன் மேல் பூங்கொத்து, அதன் பக்கத்தில் முதல்வரின் கை. மற்றொரு கையில் அவர் பேசப்போகும் உரை. தலையணைக்கு வைக்கலாம், அவ்வளவு தடிமன். பெரிய அதிகாரி நல்ல மனிதர். விழாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சு என்றாலே காது தானாக மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார். விசில் சார் வரவேற்றார். நிபுணர் தாமதமாக வந்து வாழ்த்தினார். பிறகு, "திட்டத்தால் திருந்திய மாணவி" என்று நத்தையை அழைத்தார்கள்.

அவள் மைக் முன்னால் நின்றாள். முன் வரிசையில் அம்மா எழுந்திருக்கத் தோதாக நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

"தொடர்ந்து படிக்கிறது எப்படின்னு சொல்லச் சொன்னாங்க," என்றாள் நத்தை. "சொல்றதைவிட செஞ்சு காட்டறது சுலபம்."

மேடையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்தாள். பூங்கொத்தைக் கொஞ்சம் தள்ளினாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

மண்டபம் திகைத்தது. முதலில் எல்லோரும் ஏதோ முன்னுரை என்று நினைத்தார்கள். அவள் படித்தாள். முன்னுரை நீண்டது. அவள் புத்தகத்தை மூடிக் கூரையைப் பார்த்தாள். விசில் சாரின் கை தன்னையறியாமல் விசிலுக்குப் போனது; முதல்வர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மேடையில் கைகோத்து நின்ற காட்சி மிகவும் உருக்கமாக இருந்தது.

பெரிய அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு விழாவில் அவர் காதுக்கு ஓய்வு கிடைத்திருந்தது. "செயல்முறை விளக்கமா?" என்றார். "அபாரம்! எங்க போனாலும் படிப்பைப் பத்திப் பேசறாங்க. யாரும் படிச்சுக் காட்டினதில்ல!"

"எங்களுக்கும் காட்டணும்னு ஆசையா இருக்கு சார்!" என்று ஒரு குரல் மைக் இல்லாமலே மண்டபத்தை நிறைத்தது. லவுட்ஸ்பீக்கர். சொன்னதோடு நிற்காமல் பையைத் திறந்தாள். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வரி படிக்க நேரமில்லாமல் காய்ந்துபோயிருந்த கூட்டம் அது. அகராதிக்காரன் பொருளாதாரத்தை எடுத்தான். இரண்டு கையால் புரட்டினவன் இரண்டு கையாலும் ஒரே புத்தகத்தைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் சத்தமே இல்லை. கட்டிய நாள் முதலாக அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. கூரையில் இருந்த புறாக்கள் பயந்து வெளியே போய்விட்டன. எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லையென்று தெரிந்ததும் அம்மா சாய்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பட்டன் தைக்க ஆரம்பித்தாள்.

முதல்வர் தலையணையோடு நின்றார். இத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கும்போது படிப்பின் அவசியத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பூனை நடையில் நத்தையிடம் வந்தார்.

"போதும்மா. எழுந்திரு."

"இந்தப் பாடம் முடியல சார்."

"எப்ப முடியும்?"

"புரிஞ்சதும்."

"உனக்கு என்னதான் வேணும்?"

"ஹால் டிக்கெட் சார்."

"பேசிட்டு வாங்கிக்கோன்னேனே!"

"சரி சார். படிச்சு முடிச்சுட்டுப் பேசறேன். நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். பரவாயில்லையா?"

"முதல்வரே," என்றார் பெரிய அதிகாரி கண்டிப்பாக, "படிக்கிற பொண்ணைத் தொந்தரவு பண்றீங்களே. நீங்களே இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்துட்டு?"

முதல்வர் கட்டைப் பிரித்தார். அவள் ஹால் டிக்கெட்டைத் தேடி எடுத்து, மாத்திரை கொடுப்பதுபோல அவள் உள்ளங்கையில் வைத்தார். நத்தை அதிலிருந்த புகைப்படத்தைப் பார்த்து, தான்தான் என்று உறுதி செய்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்கிட்டியே, இன்னும் என்ன?"

"கீழ இருக்கறவங்களுக்கு சார். எல்லாருக்கும்."

"சான்றிதழ் இல்லாதவங்களுக்குமா?"

"படிக்கிறாங்களே சார். பாருங்க. உங்க கண்ணாலயே பார்க்கறீங்க."

முதல்வர் பார்த்தார். யாருமே பார்க்காத படிப்பு வீண் என்று சொன்னவர் அவர்தான், இப்போது பார்த்தாகிவிட்டது. விசில் சாரை வரிசை வரிசையாக அனுப்பினார். விசில் சார் ஊதாமல், குதிகால் படாமல் நடந்து, தலை நிமிராதவர்களின் புத்தகங்களுக்கு நடுவே ஒவ்வொரு ஹால் டிக்கெட்டாகச் செருகிவிட்டு வந்தார். அவர் வாழ்க்கையில் மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட ஒரே பொழுது அது.

"இப்பவாவது?" என்றார் முதல்வர், கிட்டத்தட்டக் கெஞ்சி.

"இன்னும் ரெண்டு பத்திதான் சார்."

பெரிய அதிகாரி அசந்து தூங்கிப்போயிருந்தார். விழித்தபோது, தான் கலந்துகொண்ட விழாக்களிலேயே சிறந்தது இதுதான் என்று அறிவித்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை. நத்தை மெஷின் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாசலில் விசில் சார். கூடவே கேமராவோடு ஒருவர்.

"உள்ள வரலாமாம்மா? நல்ல சேதி. 'மேடைப் படிப்புத் திட்டம்'னு புதுசா ஒண்ணு வந்தாச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லாரும் கட்டாயம் மேடையில ஏறித் தன்னிச்சையாப் படிக்கணும். ஒத்திகை உண்டு. உன் படம்தான் அட்டையில. ஆனா அன்னிக்கு எடுத்த எல்லாப் படத்துலயும் நீ குனிஞ்சே இருக்கே, முகம் தெரியல. தலையை நிமிர்த்தி, கேமராவைப் பார்த்து, ஒரு தடவை படிச்சேன்னா போதும்."

"நாளைக்குப் பரீட்சை சார்."

"அதனாலதான் இன்னிக்கே வந்தோம். நாளைக்கு உனக்கு வேலை இருக்கும்." நிலையில் சாய்ந்துகொண்டு, பேச்சை வளர்க்கும் பிரியத்தில் கேட்டார்: "நாளைக்கு எந்தப் பேப்பர்?"

"உங்க பேப்பர் சார்."

விசில் சார் சாய்ந்திருந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். கேமராக்காரர் செருப்பைப் பார்த்தார்.

"அது..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கஷ்டமா இருக்குமா?"

"படிச்சிருந்தா கஷ்டம் இல்ல சார்."

சொல்லிவிட்டு நத்தை எழுந்தாள். படார் என்று அறைந்தாள் என்று யாரும் அவள்மேல் புகார் சொல்ல முடியாது. மெதுவாக, சத்தம் வராமல், கதவை முழுசாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.